அவ நிண்ட பக்கம்

பெரியமடு,
10.11.2012

சுபா,

ஒக்டோபர் ஒன்பதாம் திகதி காலமை பத்து மணி நாப்பதுக்கு எனக்குச் செய்தி வந்தது. நான் அப்ப தலைமன்னார்ப் பக்கம் ஒரு போன் கோபுரத்தில நிண்டனான். ஏறுறவன் தன்ர போனைக் கீழ நிக்கிறவனிட்டக் குடுத்திட்டுத்தான் ஏற வேணும், அது எங்கட கொம்பனிச் சட்டம். கீழ நிண்டவன் பெனடிக்ற். ஒண்டுமில்லாததுக்கே கத்துறவன். அண்டைக்குக் கத்தேல்ல. என்ர போனைத் தூக்கிக் காட்டிப்போட்டு, ஆறுதலா இறங்கு எண்டு கையால காட்டினான். அந்த ஆறுதலிலயே எனக்கு விளங்கீட்டுது.

ஒவ்வொரு கம்பியிலயும் இடுப்புப் பட்டிக் கொழுக்கியைக் கழட்டி, அடுத்ததில மாட்டி, இழுத்துப் பாத்துத்தான் இறங்கினனான். ஒண்டையும் தவற விடேல்ல. அதை நினைக்க இப்பவும் எனக்கு என்னில ஒரு மாதிரிக் கிடக்கு.

விடிய நான் வேலைக்கு வெளிக்கிட்ட பிறகு மலர் பின்வளவில பத்தை வெட்டப் போயிருக்கிறா. இருவது வருசமா ஆக்கள் இல்லாமல் காடாக் கிடந்த காணி. புடையன் பாம்பு. மிச்சமெல்லாம் பக்கத்து வீட்டுக் கனகரத்தினம் அண்ணை உங்களுக்குப் போனில சொன்னவர்தானே.

செத்தவீட்டுக்குப் பிறகு நீர் எடுத்த போன் ஒண்டையும் நான் தூக்கேல்ல. கோவம் எண்டு நினையாதையும். செத்தவீட்டண்டு ஒருக்காத் தூக்கினனான். "அத்தான்" எண்டனீர். உம்மட குரலும் உம்மட அக்கான்ர குரலும் நேரில ரெண்டு. போனில ஒண்டு. போன் எண்டது குரலின்ர மேலையும் கீழையும் வெட்டிப்போட்டு நடுத்துண்டை மட்டும்தான் அனுப்பும். அந்த நடுத்துண்டு உங்கள் ரெண்டு பேருக்கும் ஒண்டு. அதுதான் கடிதம் எழுதுறன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முந்தநாள் முடிஞ்சுது. அவ வச்சிருந்தது என்ர பழைய போன் எண்டு தெரியும்தானே. அதில அந்த அட்டையில்லாப் புத்தகம் திறந்தபடி கிடக்கு. அடியில "1893 இல் 1147" எண்டு நிக்குது. உமக்கும் அவவுக்கும் அந்தப் புத்தகத்தில ஏதோ போட்டி எண்டு சொல்லிச் சிரிக்கிறவ. எவ்வளவு தூரம் வாசிச்சவ எண்டு நீர் அறிய விரும்புவீர் எண்டு நினைச்சன். வேற சொல்ல ஒண்டும் இல்லை.

நான் சாப்பிடுறன், வேலைக்குப் போறன் எண்டு மாமியிட்டச் சொல்லும்.

பார்த்தீபன்


கும்மிடிப்பூண்டி முகாம்,
26.11.2012

அத்தான்,

நீங்களுமா?

புத்தகம் இப்ப என் மடியிலதான் இருக்கு. முன்னட்டை கிழிஞ்சு போச்சே தவிர உள்ளே ஒரு தாள் குறையல. கடைசிப் பக்கம் 412. இதில 1147ஆம் பக்கம் எங்க இருக்கு? எனக்கு ஆறுதல் சொல்றதா நினைச்சு எழுதினீங்களா? அப்படின்னா தயவுசெய்து வேண்டாம்.

என்ன போட்டின்னு அக்கா உங்ககிட்ட முழுசாச் சொல்லல போல. சொல்றேன். போன வருசம் நீங்க ரெண்டு பேரும் ஊருக்குப் புறப்பட்டப்போ இந்தப் புத்தகத்தைக் கேட்டு அக்கா என்னோட சண்டை போட்டா. நான் குடுக்கல. முகாம் வாசிகசாலையில கழிச்சுப் போட்டதை எடுத்துத் தச்சு வெச்சவ நான். அப்புறம் நீங்க எங்கேயோ தேடி செல்போன்ல போட்டுக் குடுத்தீங்க. இந்தச் சித்திரை வருசப்பிறப்பன்னிக்கு ரெண்டு பேரும் முதல் வரியிலயிருந்து ஆரம்பிச்சோம். அக்கா முதல்ல முடிச்சா நானும் அம்மாவும் ஊர் திரும்புறவங்க லிஸ்ட்டில பேர் குடுத்திட்டு பெரியமடுவுக்கு வரணும். நான் முதல்ல முடிச்சா அக்கா இனிமே "வாங்கோ, வாங்கோ"ன்னு கேக்கவே கூடாது. விளையாட்டாத்தான் தொடங்கினது. ஆனா அத்தான், நீங்க எல்லாரும் "ஊர்"னு சொல்ற இடத்தை நான் பார்த்ததே இல்ல. நான் இந்த அகதி முகாம்ல பொறந்தவ. எனக்கு அது விளையாட்டு இல்ல.

ஆகஸ்ட் கடைசியில அக்கா போன் பண்ணினா. "நான் எழுநூறு தாண்டிட்டன், நீ எங்கயடி நிக்கிறாய்?"ன்னா. நான் அப்ப இருநூத்தி அம்பத்தொண்ணு. புத்தகமே நானூத்திப் பன்னெண்டுதானேன்னேன். "எனக்கென்னடி தெரியும், இதில அப்பிடித்தான் காட்டுது"ன்னு சிரிச்சா. என்னை எப்படியாவது அங்க இழுக்கிறதுக்காக ஏமாத்துறான்னு நினைச்சேன். "பொய்க்காரி"ன்னு சொல்லி வெச்சுட்டேன். அதுக்கப்புறம் அவ எடுத்த போனை நான் எடுக்கல. ஒண்ணரை மாசம்.

நான் அவகிட்ட கடைசியாச் சொன்ன வார்த்தை அது. அனுமதி வரல, செத்த வீட்டுக்கும் வர முடியல. இப்ப நீங்க அதே மாதிரி ஒரு எண்ணை எழுதி அனுப்புறீங்க.

உண்மையான பக்கத்தைச் சொல்லுங்க. அவ எங்க நின்னா? பஸ் டிக்கெட்டை 251ல வெச்சு மூடினது, இன்னும் அப்படியே இருக்கு. நான் அதுக்கு மேல ஒரு வரி வாசிக்கல.

சுபத்திரா


பெரியமடு,
9.12.2012

சுபா,

உம்மட அக்கா பொய் சொல்லேல்ல. முதல்ல அதை வாசியும். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

இதை நான் அவவுக்கு விளங்கப்படுத்தியிருக்க வேணும். "இதில ஏன் பக்க இலக்கம் கூடிக்கொண்டு போகுது?" எண்டு ஒருக்காக் கேட்டவ. நான் வேற வேலையா நிண்டனான். "அது அப்பிடித்தான்" எண்டிட்டன்.

போனில இருக்கிற புத்தகத்தில பக்கம் எண்ட சாமானே இல்லை. ஆரோ நல்ல மனிசர் கடதாசிப் புத்தகத்தைப் பாத்து எழுத்தெழுத்தாத் தட்டி ஏத்தியிருக்கினம். சில ஆக்கள் தட்டேக்க, கடதாசியில எந்தப் பக்கம் எங்க முடியுது எண்டு இடைக்கிடை அடையாளம் போட்டு விடுவினம். இவை போடேல்ல. அதால உள்ளுக்கு முதல் சொல்லில இருந்து கடைசிச் சொல் மட்டும் ஒரே நீட்டுக்கு எழுத்துத்தான் கிடக்கு. போன் என்ன செய்யுது எண்டா, தன்ர கண்ணாடி எவ்வளவு அகலம், எழுத்து எவ்வளவு பெரிசு எண்டு பாத்து, அதுக்குள்ள கொள்ளுற அளவுக்கு வெட்டி வெட்டிக் காட்டுது. அடியில நிக்கிற இலக்கம் அந்த வெட்டுத் துண்டின்ர கணக்கு. எழுத்தைப் பெருப்பிச்சா ஒரு துண்டில சொல்லுக் குறையும், துண்டு கூடும்.

மாமியிட்டக் கேளும். ஒரு மூடை நெல்லைக் கொத்தால அளந்தா ஒரு கணக்கு. அதே மூடையைச் சுண்டால அளந்தா நாலு மடங்கு. நெல்லுக் கூடேல்ல. நீர் கொத்துக்காரி, அவ சுண்டுக்காரி. ரெண்டு பேரும் சரியாத்தான் அளந்தனீங்கள். மலர் மாதத்துக்கு மாதம் எழுத்தைப் பெருப்பிச்சுக்கொண்டு வந்தவ, அதால வாசிக்காமலே இலக்கம் ஏறியிருக்கும்.

அப்ப உம்மட கணக்கில அவ எங்க நிண்டவ எண்டு நீர் கேப்பீர். வகுத்துப் பாத்தன். கிட்டமுட்ட இருநூற்றைம்பது வருது. ஆனா அதை நம்பேலாது. தட்டினவை முன்னுக்குத் தங்கட முன்னுரை ஒண்டு சேத்திருக்கினம். கடதாசியில அத்தியாயம் முடியேக்க அரைப் பக்கம் வெறுமையா விட்டிருப்பாங்கள், போனில அது இல்லை. நாலைஞ்சு பக்கம் இஞ்சால அங்கால போகும். நீர் நிக்கிறது 251. ஆர் முன்னுக்கு எண்டு என்னால சொல்ல ஏலாது.

இன்னொண்டும் சொல்ல வேணும். இந்தப் போனில ஒரு பிழை இருக்கு. பற்றரிச் சாச் இறங்கி நிண்டு போனாலோ, நாங்களா நிப்பாட்டினாலோ, புத்தகம் அடுத்த முறை முதல் பக்கத்தில போய்த்தான் திறக்கும். செப்டெம்பரில ஒருக்கா அப்பிடி நடந்தது. அண்டைக்குப் பின்னேரம் முழுக்க அவ தன்ர இடத்தைத் தேடித் தேடி என்னைப் பேசினவ. "ஊர் முழுக்கக் கோபுரம் நடுறியள், என்ர ஒரு இடத்தைக் காப்பாத்தித் தர உங்களால ஏலாதோ?" எண்டு.

எங்கட வீட்டுக்கு இன்னும் கரண்ட் வரேல்ல. சந்தியில றோஸ்மேரி அக்கான்ர கடையிலதான் சாச் போடுறது. ரெண்டு நாளைக்கு ஒருக்காக் கொண்டு போறன். வேலையில நிக்கேக்கையும் அதுதான் நினைப்பு. கோபுரத்தில நிண்டு கொண்டு, இப்ப எவ்வளவு மிச்சம் இருக்கும் எண்டு யோசிக்கிறன். பெனடிக்ற் பேசுறான், "மச்சான், நீ மேல நிக்கேக்க மேலதான் நிக்க வேணும்" எண்டு.

விரல் பட்டாலே அடுத்த துண்டுக்குப் போயிடும். அதால தொடுறேல்ல. வெளிச்சமாக்கேக்க உள்ளங்கையை எழுத்துக்கு மேல பிடிச்சு மறைச்சுப்போட்டு, அடியில இலக்கத்தை மட்டும் பாப்பன். 1147 நிண்டாச் சரி. வெளிச்சத்தை நிப்பாட்டிப் போட்டு வச்சிடுவன்.

எழுத்தை நான் இன்னும் பாக்கேல்ல. ஏன் எண்டு கேக்காதையும்.

பார்த்தீபன்

பி.கு: உம்மட எழுத்து வரவர அங்கத்தை ஆக்கள் மாதிரிக் கிடக்கு. மாமி உம்மைப் பேசுறேல்லையோ?


கும்மிடிப்பூண்டி முகாம்,
24.12.2012

அத்தான்,

அம்மா பேசுறாங்கதான். "வீட்டில ஒரு வாய், கடிதத்தில ஒரு வாய்"னு. பள்ளிக்கூடத்தில படிச்ச வாய் இது, என்ன பண்றது.

உங்க கடிதத்தை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். நெல்லு, சுண்டுன்னதும் அவங்களுக்கு ஒரே நிமிசத்தில விளங்கீட்டுது. எனக்குத்தான் நேரம் எடுத்திச்சு. நான் இப்ப பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில ஜெராக்ஸ் கடையில வேலை பார்க்கிறேன். நாள் பூரா பக்கம் பக்கமாப் புரட்டிப் பிரதி எடுக்கிறவ. "அறுபத்தி மூணுலேர்ந்து எழுபது வரைக்கும் போடும்மா"ன்னு நீட்டுவாங்க. பக்கம்னா அது ஒரு இடத்தில ஆணி அடிச்ச மாதிரி இருக்கும்னு நம்பினவ. ஆணியே இல்லாத புத்தகம் ஒண்ணு இருக்கும்னு நான் எப்படி நினைப்பேன்?

பொய்க்காரின்னு சொல்லிட்டேனே அத்தான். அவ சிரிச்சுக்கிட்டே இருந்தா.

ரெண்டு விசயம் கேக்கணும்.

ஒண்ணு, அம்மா கேக்கச் சொன்னது. அக்கா ஏன் எழுத்தை அவ்வளவு பெரிசாக்கினா? கண் தெரியாமப் போச்சா? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கு, அதே வியாதி பிள்ளைக்கும் வந்து யாருகிட்டயும் சொல்லாம இருந்திட்டாளோன்னு ராத்திரியெல்லாம் புரளுறாங்க. பாம்பை அவ கண்டிருக்க மாட்டாளோன்னு வரைக்கும் போயிட்டாங்க. உங்களுக்குத் தெரிஞ்சதை மறைக்காம எழுதுங்க.

ரெண்டு, நான் கேக்கிறது. எண் வேண்டாம். எண்ணை வெச்சு நீங்களும் நானும் ஒண்ணும் பண்ண முடியாது. அந்தத் துண்டில இருக்கிற சொல்லை எழுதி அனுப்புங்க. சொல் எந்த அளவிலயும் மாறாது இல்ல? என் புத்தகத்தில தேடி அது எந்தப் பக்கம்னு நான் கண்டுபிடிச்சுக்கிறேன். டிப்ளமா படிச்ச ஆள், நூறடி உயரத்தில நிக்கிற ஆள், நாலு வரிக்குப் பயந்து கையால மூடிக்கிறீங்க. கையை எடுங்க அத்தான்.

ஜனவரி முடியிறதுக்குள்ள பேர் குடுக்கணும்னு முகாம் ஆபீசில சொல்லிட்டாங்க. இல்லேன்னா அடுத்த தடவை எப்போன்னு தெரியாது. அம்மா என் முகத்தையே பார்க்கிறாங்க, வாய் திறந்து கேக்கல. அக்கா 250ல நின்னா நான் முன்னால. 252ல நின்னா அவ முன்னால. எனக்கு எது வேணும்னு எனக்கே தெரியல. அவளைக் கடிச்ச காணிக்கு வர்றதுக்கு எனக்குப் பயமா இருக்கு. வராம இங்கேயே இருந்திட்டா, அவ போனை ரெண்டாந்தரம் வெச்ச மாதிரி ஆயிடுமோன்னும் பயமா இருக்கு.

சீக்கிரம் எழுதுங்க.

சுபா


பெரியமடு,
6.1.2013

சுபா,

முதல்ல மாமிக்கு. கண் பிழையில்லை. ஊசிக் கண்ணுக்குள்ள ஒரே தரத்தில நூல் கோத்தவ. எழுத்தைப் பெருப்பிச்சது குசினிக்காக. போனை உப்புப் பேணியில சாத்திச் சுவர்த் தட்டில வச்சிட்டு, கீழ நிண்டு மாக் குழைப்பா, தேங்காய் துருவுவா, மீன் வெட்டுவா, அப்பிடியே வாசிப்பா. தூரம் கூடக் கூட எழுத்தும் பெருத்தது. கை முழுக்க மா எண்டா எட்டி மூக்கால தட்டி அடுத்த பக்கத்துக்குப் போவா. நான் ஒருநாள் வாசலில நிண்டு கண்டிட்டன். "என்னப்பா, போனைக் கொஞ்சுறீர்?" எண்டன். "உங்களைவிட இதுதான் சொல்லுக் கேக்குது" எண்டா. இதைச் சொன்னா மாமி சிரிப்பா.

கண்ணாடியின்ர மூலையில ஒரு மாப் பொட்டு காய்ஞ்சு கிடந்தது. மூக்குப் பட்ட இடம். நான் அதைத் துடைக்கேல்ல.

இனி நடந்ததைச் சொல்லுறன்.

டிசெம்பர் கடைசியில இஞ்ச சரியான மழை. குளம் நிரம்பி வான் பாய்ஞ்சு, சந்திக்குப் போற றோட்டில இடுப்பளவு தண்ணி. மழைக்கு முதல் நாள் போனைக் கடையில சாச்சுக்குக் குடுத்திட்டு வந்தனான். அடுத்த நாள் போக ஏலேல்ல. அதுக்கடுத்த நாளும் ஏலேல்ல. கடையில கரண்ட் நிண்டு போச்சு எண்டு ஆரோ சொல்லிச்சினம். சோறு இறங்கேல்ல. மூண்டாம் நாள் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு தண்ணிக்குள்ளால போனன்.

போன் நிக்கேல்ல, உயிரோடதான் இருந்தது. றோஸ்மேரி அக்கா மேசை லாச்சிக்குள்ள பத்திரமா வச்சிருந்தவ. எடுத்துத் தந்துகொண்டு சொல்லுறா, "தம்பி, பாவம், இதைக் கவனிக்க ஆளில்லை எண்டு தெரியுது. கண்ணாடியெல்லாம் மா. நான் நல்லாத் துடைச்சு விட்டனான் ராசா" எண்டு.

சீலைத் தலைப்பால. ரெண்டு விரலை வச்சு அழுத்தி.

மாப் பொட்டு இல்லை. எழுத்து எறும்பு மாதிரிச் சிறுத்துப் போய்க் கிடக்கு. அடியில "566 இல் 371". துடைக்கத் துடைக்கப் பக்கம் புரண்டு எங்கயோ போயிட்டுது.  அந்த மனிசி என்னத்தைக் கண்டது? "நன்றி அக்கா" எண்டு சொல்லிப்போட்டு வெளியால வந்து, கடைப் படியில இருந்திட்டன். நீர் சொன்னது சரி. அந்த நாலு வரியை ஒருக்காப் பாத்திருந்தா தேடிப் பிடிச்சிருப்பன். நான் கையால மூடி மூடி இலக்கத்தை மட்டும்தான் பாத்து வச்சனான், ஒண்டுக்கும் உதவாத இலக்கத்தை.

 பேந்துதான் யோசினை வந்தது. அந்த இலக்கம் உம்மட புத்தகத்துக்குத்தான் உதவாது. இதே போனில, இதே எழுத்தளவில, அது ஒரு இடத்தை மட்டும்தான் காட்டும். சுண்டால அளந்த கணக்கெண்டா, திருப்பிச் சுண்டாலயே அளக்க வேண்டியதுதானே. மொத்தம் 1893 எண்டு வாற மட்டும் எழுத்தைப் பெருப்பிச்சா, அது அவ வச்ச அளவு.

ரெண்டு விரலால விரிச்சன். 1650. இன்னும் கொஞ்சம். 2104. கூடிப் போச்சு. குறைச்சன். றோஸ்மேரி அக்கா பிளேன்ரீ கொண்டு வந்து பக்கத்தில வச்சிட்டு, "என்ன தம்பி, நான் ஏதும் பழுதாக்கிப் போட்டனோ?" எண்டு கேட்டுக்கொண்டு நிண்டவ. இல்லை எண்டு தலையாட்டினனான் எண்டு நினைக்கிறன். திருப்பி ஒரு நூலளவு விரிச்சன். 

1893 வந்தது. 1147க்குப் போனன். இந்த முறை கையால மூடேல்ல.

அதில இருக்கிறதை அப்பிடியே எழுதுறன். ஒரு சொல்லும் கூட்டேல்ல, குறைக்கேல்ல:

"மழை விட்டிருந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கரைக்கு வந்தாள். மற்றத் தோணிகள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. வலைகளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. அவள் விளக்கை உயர்த்திப் பிடித்தாள். தோணி இன்னும்"

அவ்வளவுதான். அதுக்குப் பிறகு துண்டு முடிஞ்சுது. அடுத்த சொல்லு அடுத்த துண்டில. நான் தட்டேல்ல. அவ பாக்காததை நான் பாக்க மாட்டன்.

நீர் உம்மட புத்தகத்தில கண்டுபிடியும். ஆனா எனக்கு மிச்சத்தை எழுதிப் போடாதையும், சொல்லிப்போட்டன். பக்கம் மட்டும் போதும்.

போன் இப்ப என்ர மடியில கிடக்கு. மழை இன்னும் விடேல்ல. தண்ணி திருப்பி ஏறினா கடைக்குப் போக ஏலாது. சாச் முப்பது வீதம் காட்டுது.

பார்த்தீபன்


கும்மிடிப்பூண்டி முகாம்,
22.1.2013

அத்தான்,

அம்மா சிரிச்சாங்க. அக்கா போனதுக்கு அப்புறம் முதல் தடவை. "மூக்கால தட்டினவளாமே, மூக்கால"ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சு, அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாங்க.

உங்க கடிதத்தைக் கடைக்கு எடுத்திட்டுப் போனேன், புத்தகத்தையும். வீட்டில வெச்சுத் தேடத் தைரியம் வரல. கடைச் சத்தத்துக்கு நடுவில, ஆள் இல்லாத நேரமாப் பார்த்து, பஸ் டிக்கெட் இருந்த இடத்தில திறந்தேன். 249ல தேடினேன், 250ல தேடினேன். இல்ல. 251, நான் நின்ன பக்கம். அதிலயும் இல்ல. இனி நான் வாசிக்காத பக்கத்துக்குப் போகணுமே. 252ஐத் திருப்பினேன். விளக்கு இல்ல, தோணி இல்ல.

253. மேலேர்ந்து ஒன்பதாவது வரி. "மழை விட்டிருந்தது."

ரெண்டு பக்கம். அக்கா என்னை ரெண்டே ரெண்டு பக்கத்தால முந்தியிருக்கா. குசினியில மாக் குழைச்சுக்கிட்டே, மூக்கால தட்டிக்கிட்டே. நான் பொய்க்காரின்னு சொல்லி வெச்ச பிறகும் அவ வாசிக்கிறதை நிறுத்தல. நான்தான் நிறுத்தினேன்.

முதல்ல முடிக்கிறவதான் ஜெயிக்கிறதுன்னுதான் பேச்சு. அவ முடிக்கலையேன்னு ஒரு மனசு சொல்லிச்சு. அந்த மனசோடயே மத்தியானம் வரைக்கும் பிரதி எடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில ஆபீசுக்குப் போய் ரெண்டு பேர் பேரையும் குடுத்திட்டேன். அம்மாவுக்கு வீட்டுக்கு வந்துதான் சொன்னேன். "ஏன் என்னைக் கேக்கேல்ல?"ன்னு ஒரு சத்தம் போட்டுட்டு, உடனே பெட்டியை இறக்கித் தூசி தட்டத் தொடங்கிட்டாங்க.

பங்குனி, சித்திரை ஆகலாம்னு சொல்றாங்க. பயம் போகல அத்தான். வந்து ரெண்டாம் நாளே திரும்பிப் போகணும்னு அழுதேன்னா என்னைத் திட்டக் கூடாது. எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. ஊர்ப் பேச்சும் சரியா வராது, உங்க றோஸ்மேரி அக்கா என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க.

இதோட ஒரு தாள் வெச்சிருக்கேன். எங்க கடை மெசினில எடுத்தது, 253ஆம் பக்கம். "தோணி இன்னும்"க்கு அப்புறம் இருக்கிறதை வெள்ளைத் தாளை வெச்சு மறைச்சுத்தான் எடுத்தேன். நீங்க கேட்ட மாதிரி. கீழே எண் மட்டும் தெரியுது பாருங்க. மிச்சத்தை நானும் வாசிக்கல, கண்ணை அதுக்குக் கீழ விடாமத்தான் தாளை வெச்சேன். டிக்கெட்டை 251லேர்ந்து எடுத்து 253க்கு மாத்தியாச்சு. புத்தகத்தை நானே கொண்டு வர்றேன். அங்க வந்து, குசினியில இருந்து, மூணு பேருமா வாசிப்பம்.

பார்த்தீங்களா, "வாசிப்பம்"னு எழுதிட்டேன்.

சுபா


பெரியமடு,
7.2.2013

சுபா,

தாள் கிடைச்சுது.

கன நேரம் பாத்துக்கொண்டு இருந்தன். மேல எழுத்து, பிறகு வெள்ளை, அடியில 253. பெரிசா எழுத்து வச்சுப் பாத்தாலும், சின்னனா வச்சுப் பாத்தாலும் இனி அது 253தான். குசினித் தட்டில உப்புப் பேணியில சாத்தி வச்சிருக்கிறன், போன் நிண்ட இடத்தில. கண்ணாடிச் சட்டம் போடச் சொல்லிக் கனகரத்தினம் அண்ணை சொல்லுறார். வேண்டாம் எண்டிட்டன். மாப் பட்டா படட்டும்.

பின்வளவு முழுக்க மெசின் பிடிச்சு வெட்டித் துப்புரவாக்கியாச்சு. வெட்டவெளியாக் கிடக்கு, கிணத்தடியில இருந்து வேலி மட்டும் நிலம் தெரியுது. எண்டாலும் எனக்குப் பயம் போகேல்ல. வரேக்க ரெண்டு பேரும் முழங்கால் மட்டும் வாற சப்பாத்து வாங்கிக்கொண்டு வாருங்கோ, இஞ்ச நல்லது கிடையாது. ரோச் லைற்றும். மாமியின்ர மருந்து மூண்டு மாதத்துக்குக் காணக்கூடியதா. கப்பலோ பிளேனோ எண்டு தெரிஞ்ச உடனை அறிவியும், நான் லீவு போட வேணும். ரெண்டாம் நாள் அழுதா ஒருத்தரும் பேச மாட்டினம். நானும் இஞ்ச வந்த ரெண்டாம் நாள் அழுதனான். மலர் சிரிச்சவ.

அவசரம் எண்டா என்ர மற்றப் போனுக்கு எடும். குரல் கேட்டுத் திடுக்கிட்டாலும் தூக்குவன்.

அண்டைக்கு எழுதினதுக்குப் பிறகும் ரெண்டு நாளைக்கு ஒருக்காக் கடைக்குச் சாச் போடக் கொண்டு போனனான். நேற்று உம்மட தாள் வந்த பிறகு போகேல்ல. இண்டைக்கு விடியக் கடைப் பக்கத்தால வேலைக்குப் போகேக்க றோஸ்மேரி அக்கா கூப்பிட்டுக் கேட்டவ, "என்ன தம்பி, இண்டைக்குப் போன் கொண்டு வரேல்லையோ?" எண்டு. "இல்லை அக்கா, இனித் தேவைப்படாது" எண்டன். தான் துடைச்சதில கோவமாக்கும் எண்டு அந்த மனிசிக்கு முகம் வாடிப் போச்சு. திரும்பிப் போய்ப் படியில இருந்து ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுத்தான் போனனான்.

பின்னேரம் வந்து போனைக் கையில எடுத்தன். பாதிக்கு மேல சாச் இருந்தது. 1147 அப்பிடியே நிண்டது. கடைசியா ஒருக்கா முழுக்க வாசிச்சன், விளக்கு மட்டும், தோணி மட்டும்.

தானா நிண்டு போக விடேல்ல சுபா. நானாத்தான் போனை நிப்பாட்டினனான்.

பார்த்தீபன்